விட்டு அளந்த சேணம்

யாக்கூப்பின் கடையில் தைத்த சட்டை ஒன்றாவது ஒரு பிள்ளைக்காவது முதல் நாளில் அளவாக இருந்ததில்லை என்று சொன்னால் நம்புவீர்களா, பிள்ளைகளே? ஆள் நல்ல தையற்காரர். யாழ்ப்பாணத்தில் ஐந்து சந்திக்குப் பக்கத்தில் சின்னக் கடை, இரண்டு மெசின். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்க முன்னம் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு அவரிடம் வருவதே அந்த அளவில்லாத தையலுக்காகத்தான். தோளில் ஒரு விரல் விடுவார், இடுப்பில் இரண்டு விரல் விடுவார், கீழ்மடிப்பில் ஒரு சாண் துணியை மடித்து உள்ளே வைத்து விடுவார். "வளருற பிள்ளை" என்பார். அடுத்த வருடம் மடிப்பை அவிழ்த்தால் அதே சட்டை மறுபடியும் புதுச் சட்டை. அவிழ்த்த இடத்தில் ஒரு கோடு தெரியும், அவ்வளவுதான்.

அது அவருக்கு வியாபாரத் தந்திரம் இல்லை. தொண்ணூறாம் ஆண்டு யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது அவர் சின்னப் பையன். உடுத்த உடுப்போடு போனவர்கள். அந்தச் சட்டைக்குள் அவருடைய உம்மா விட்டு வைத்திருந்த துணிதான் புத்தளத்து ஓலைக் கொட்டிலில் வருடக் கணக்காக அவர் உடம்பை மூடியது. அதற்குப் பிறகு ஒரு பொருளை அளவோடு செய்வதென்றால் யாருக்கோ துரோகம் செய்வது போல அவருக்கு இருக்கும்.

ஊருக்குத் திரும்பி வந்த அந்த மனிதருக்கு ஒரே மகள், றிஹானா. பதினாறு வயது. அவள் குதிரை ஏறுவாள்.

சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் குதிரையா என்று ஊரே முதலில் சிரித்ததுதான். தொண்டைமானாற்றில் நீரேரிப் பக்கம் காணி வாங்கிய அன்புராஜா என்பவரின் குதிரை அது. அவர் ஜெர்மனிக்கு அகதியாகப் போய், ஒரு குதிரைப் பண்ணையில் சாணி அள்ளி, அள்ளிக்கொண்டே பார்த்துப் பார்த்துச் சவாரி பழகியவர். முழங்கால் தேய்ந்த பிறகு மனைவி சீலாவோடு ஊருக்கு வந்தார். நுவரெலியாவில் ஓடிக் களைத்த பந்தயக் குதிரை ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து கட்டினார். வேதப் புத்தகத்திலிருந்து எடுத்து கிதியோன் என்று பெயர் வைத்தார். விலா எலும்பு தெரிய அது லொறியால் இறங்கியதைக் கண்ட மீன்காரர் ஒருவர் "என்ன அண்ணை, கருவாடு இறக்குறியளோ?" என்று கேட்டார். அதோடு கிதியோன் போய்விட்டது. ஊருக்கு அது கருவாடு.

யன்னல் சீலைக்கு அளவெடுக்க யாக்கூப் அங்கே போன நாளில் றிஹானாவும் கூடப் போனாள். பிறகு அவள் சனிக்கிழமை தவறாமல் பஸ் ஏறிப் போகத் தொடங்கினாள். விழுந்தாள், எழும்பினாள். தலையில் முக்காடு, அதற்கு மேல் தொப்பி. அவளுடைய உம்மா ஸபூரா ஏசி ஏசிக் களைத்து, கடைசியில் சாப்பாட்டுப் பெட்டியில் குதிரைக்கும் ஒரு கரட் வைத்து அனுப்பத் தொடங்கினாள்.

அன்புராஜா அவளுக்குப் பழக்கியது ட்ரெஸாஜ் என்ற சவாரி. அதில் குதிரை பாய்ந்து ஓடத் தேவையில்லை. வட்டம் போட வேண்டும், பக்கவாட்டில் கால் மாற்றி நடக்க வேண்டும், நில் என்ற இடத்தில் நான்கு காலும் சமனாக நிற்க வேண்டும். எல்லாவற்றையும் மேலே இருப்பவர் சத்தமில்லாமல் தன் இருக்கையாலும் காலாலும் சொல்ல, குதிரை தன் முதுகால் கேட்க வேண்டும். கருவாடு கேட்டது. அவள் மூச்சை இழுத்தால் நின்றது.

கொழும்பிலிருந்து ஒரு பயிற்சியாளர் அம்மா ஆவணி மாதம் வடக்குக்கு வருகிறார், சவாரி செய்யும் பிள்ளைகளைப் பார்த்து ஒருவரைத் தெரிந்தெடுத்துத் தன் லாயத்தில் தங்கவைத்துப் பழக்கப் போகிறார் என்ற செய்தி வந்தது. ஒரே ஒரு இடம். றிஹானா அந்தச் செய்தியைக் கேட்ட நாளிலிருந்து வேறொன்றும் கதைக்கவில்லை. சோற்றைப் பிசையும்போதும் முதுகை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தாள்.

குதிரை இருந்தது, பிள்ளை இருந்தாள். இடையில் வைக்கச் சேணம்தான் இல்லை.

பந்தயக் குதிரையோடு வந்த சேணம் உள்ளங்கை அளவு. அதில் குந்தலாம், இருக்க முடியாது. கொழும்பில் ஒருவரிடம் கேட்டு வாங்கிய பழையது குதிரைக்கு நன்றாகப் பொருந்தியது. ஆனால் றிஹானாவின் கால்கள் முன்னுக்குப் போய், கதிரையில் இருந்து பேப்பர் படிக்கிறவள் போல இருந்தாள். இன்னொன்று அவளுக்குச் செய்தது போல இருந்தது. குதிரையின் முதுகில் வைத்தால் நடுவில் பாலம் போல நின்று இரண்டு முனையிலும் குத்தியது.

"இது கலியாணப் பொருத்தம் மாதிரி நானா," என்றார் அன்புராஜா, வயதுக்கு மூப்பில்லாவிட்டாலும் யாக்கூப்பை அவர், முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது போல, நானா என்றுதான் கூப்பிடுவார். "மேலை இருக்கிறவவுக்கும் பொருந்த வேணும், கீழை நிக்கிறவருக்கும் பொருந்த வேணும்."

"எங்கடை பக்கத்திலை மாமியாருக்கும் பொருந்த வேணும் அண்ணை," என்றார் யாக்கூப்.

"அது நான்தான். நான் ஏற்கெனவே பொருந்தீட்டன்."

அன்புராஜாவின் தம்பி ஜொனதன் இன்னும் ஜெர்மனியில்தான் இருந்தான். புதுச் சேணம் தானே வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். சரியான அளவு மட்டும் அனுப்பச் சொன்னான். அளவென்றால் யாழ்ப்பாணத்தில் யாக்கூப்பை விட்டு வேறு யார்?

ஒரு காலை வேளையில் கருவாட்டை மாமரத்தடியில் கட்டி நிறுத்தி அளவெடுத்தார்கள். வளையும் கம்பியொன்றைக் கழுத்தும் முதுகும் சந்திக்கும் மேட்டெலும்பின் மேலே வைத்து, அழுத்தி, அந்த வளைவை அப்படியே கடதாசியில் கோடாகக் கீற வேண்டும். உள்ளே இருக்கும் மரச்சட்டம் அந்த வளைவுக்குத்தான் செய்யப்படும். யாக்கூப் கம்பியை வைத்தார், அழுத்தினார், எடுத்தார். எடுக்கும்போது இரண்டு கையாலும் மெல்ல, ஒரு விரல் அகலம் விரித்தார்.

"வாப்பா, உள்ள அளவைத்தான் கேட்டவர்," என்றாள் றிஹானா.

"உள்ள அளவுதான் மகள்."

"விரிச்சனீங்கள். கண்டனான்."

"உவனைப் பார், எலும்பும் தோலும். நாளைக்குத் தின்று கொழுப்பான். அப்ப உந்தச் சாமானை என்ன, அவிழ்த்துத் தைக்கிறதே?"

பிறகு அவளை ஒரு வாங்குப் பலகையில் இருத்தி, இடுப்பிலிருந்து முழங்கால் வரை நாடா பிடித்தார். அதற்கும் விட்டார். வளருற பிள்ளைதானே. அவள் அந்தப் பக்கம் குதிரைக்குப் புல் நீட்டிக்கொண்டிருந்தாள், காணவில்லை. கண்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பாள்? பிறந்த நாளிலிருந்து அவளுக்கு அளவான உடுப்பு ஒன்று கிடைத்ததில்லை. உடுப்பென்றால் கொஞ்சம் தொங்கத்தான் செய்யும் என்று அவள் நினைத்திருந்தாள்.

பெட்டி வந்து சேர்ந்த அன்று தொண்டைமானாற்று வீட்டில் ஒரு சின்னக் கொண்டாட்டம். சீலா ஜெபம் செய்தாள். ஸபூராவும் வந்து, அந்தக் கறுத்த தோலைத் தடவிப் பார்த்து "மாஷா அல்லாஹ், என்ரை கலியாணச் சீலை கூட இவ்வளவு வழவழப்பில்லை" என்றாள். அயலுக்குள் கேக் கொடுத்தார்கள். ஜொனதன் தொலைபேசித் திரையில் முகத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தான்.

அன்புராஜா சேணத்தைக் கருவாட்டின் முதுகில் வைத்தார். முன்பக்கத்துக் கீழே, மேட்டெலும்புக்கு மேலே, மூன்று விரல் போக இடம் இருக்க வேண்டும். அவர் விரலை விட்டார். ஒன்றுகூடப் போகவில்லை. சேணம் அகலித்துப்போய் எலும்பின் மேலேயே இருந்தது. றிஹானா ஏறி இருந்தாள். அவளுக்கும் பின்விளிம்புக்கும் நடுவில் இன்னொரு பிள்ளையை இருத்தலாம் போல இடம் கிடந்தது.

"எப்பிடி அண்ணை, அளவோ?" என்று திரையில் ஜொனதன் கேட்டான்.

இருபது வருடம் குதிரையோடு வாழ்ந்த மனிதர். அவருக்குத் தெரியும். விரலை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"அச்சொட்டு," என்றார். "அளவுக்கு அச்சொட்டா இருக்குதடா தம்பி."

கேக் கையில் இருக்கும்போது, அனுப்பியவன் முகம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எங்களில் யார் வேறு சொல் சொல்லியிருப்போம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஆனால் அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒருவருக்கும் வாய் திறக்க வழியில்லாமல் போய்விட்டது.

"ஆடுது அங்கிள்," என்றாள் றிஹானா, எல்லோரும் போன பிறகு.

"புதுத் தோல் பிள்ளை. இருக்க இருக்கப் படியும்."

"கீழை ஏதாவது குடுத்தாச் சரி," என்றார் யாக்கூப். "அதை நான் பாக்கிறன்."

சட்டைக்கு விட்ட துணியை மடித்து உள்ளே வைப்பது போல, சப்பாத்து முனையில் பஞ்சு அடைப்பது போல, அவர் குதிரைக்கு ஒரு மெத்தை தைத்தார். என்ன மெத்தை! பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாக ஓட்டித் தைத்து, சுற்றிவர நீலப் பட்டி பிடித்தது. முன்னுக்குத் தடிப்பு, பின்னுக்கு மெல்லிசு. ஓரத்தில் கருவாட்டின் உண்மைப் பெயரைக் கூட நூலால் எழுதியிருந்தார். நடுவில் ஒரு இணைப்பு. அதையும் பலமாக இருக்கட்டும் என்று இரட்டையாக மடித்து, எதற்கும் இருக்கட்டும் என்று துணி விட்டுத்தான் தைத்தார். அந்தத் தடித்த தையல் குதிரையின் முதுகெலும்புக்குப் பக்கத்தில், சேணத்துக்கும் தோலுக்கும் நடுவில், போய் இருந்தது.

மெத்தை வைத்ததும் சேணம் உயர்ந்தது. மூன்று விரலும் போனது. எல்லோருக்கும் நிம்மதி.

கொஞ்ச நாளில் கருவாடு மாறத் தொடங்கியது. வயிற்றுப் பட்டியை இழுக்கும்போது காதைப் பின்னுக்குச் சாய்த்தது. வாலைச் சுழற்றி அடித்தது. மூச்சுக்கு நின்ற குதிரை, காலால் கேட்டாலும் பக்கவாட்டில் போக மாட்டேன் என்றது. ஒருநாள் றிஹானா ஏறப் போகும்போது தலையைத் திருப்பி அவள் முழங்கையைக் கவ்வியது.

"கொழுப்பு ஏறீட்டுது," என்றார் அன்புராஜா. "பந்தயக் குதிரை. கையை விட்டால் தலையிலை ஏறும். இந்தா, இந்தப் பிரம்பைப் பிடி."

"அடிக்க மாட்டன் அங்கிள்."

"ஆவணி வருகுது. அந்த அம்மாவுக்கு முன்னாலை உவன் இப்பிடி நிண்டால் உனக்கு ஒரு நல்ல சொல் சொல்லுவாவோ?"

அவள் பிரம்பை வலது கையில் பிடித்தாள். முதலில் தொட்டாள். பிறகு தட்டினாள். ஒரு சனிக்கிழமை, வெயில் நேரம், கருவாடு ஐந்தாறு தரம் ஒரே இடத்தில் நின்றுகொண்டு போகமாட்டேன் என்றபோது, அவளுக்குள் இருந்த ஆவணி மாதம் எல்லாம் கைக்கு வந்தது. கழுத்தில் அடித்தாள். இன்னும் அடித்தாள். கருவாடு நடுங்கிக்கொண்டு பக்கவாட்டில் கால் மாற்றி வைத்தது. அழகாகத்தான் வைத்தது.

"பாத்தியோ, தெரியுது அவனுக்கு," என்றார் அன்புராஜா.

தெரிவுக்கு முந்தின நாள் மழை தூறியது. குதிரையைக் குளிப்பாட்டலாம் என்று சேணத்தை இறக்கி, மெத்தையை மெல்ல உரித்தாள் றிஹானா. வழமையாக அன்புராஜாதான் கழற்றுவார், மெத்தையோடு சேர்த்துத் தூக்குவார், முதுகை ஒரு துணியால் மூடிவிடுவார். இன்று மெத்தை ஒட்டிக்கொண்டு வந்தது. முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் மயிர் இல்லை. ஒரு பக்கம் வீங்கியிருந்தது. மற்றப் பக்கம், அந்தத் தடித்த தையல் கிடந்த இடத்தில், தோலே இல்லை.

மெத்தையைத் திருப்பிப் பார்த்தாள். நீலப் பட்டிக்குள்ளே வாப்பாவின் தையல் வரிசையாக, ஒரு நூல் பிசகாமல் இருந்தது. அதில் ஈரம்.

மிருக வைத்தியர் சீவரத்தினம் அச்சுவேலியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். பார்த்தார். தொட்டபோது குதிரை முழங்கால் மடித்து இறங்கியது.

"ஆர் இந்தச் சேணத்துக்கு அளவெடுத்தது?"

"நான்தான்," என்றார் யாக்கூப். மகள் அழைத்துச் சொன்னதில் கடையைப் பூட்டாமல் ஓடி வந்திருந்தார். "ஒரு விரல் விட்டனான் டொக்டர். உவன் கொழுப்பான் எண்டு."

"ஜொனதனும் ஒரு அளவு கூட்டித்தான் எடுத்தவனாம்," என்றாள் சீலா மெல்ல. "ஊருக்குச் சப்பாத்து வாங்கேக்கை செய்யிற மாதிரி. நேற்றுத்தான் போனிலை சொன்னவன்."

"குதிரை கொழுக்கிற வரைக்கும் முதுகு என்ன செய்யும் எண்டு ஒருத்தரும் யோசிக்கேல்லையோ?" என்றார் வைத்தியர். "இனி ஆற வேணும். ஆறும் வரைக்கும் ஒரு கடதாசி கூட உந்த முதுகிலை வைக்கக் கூடாது." மருந்தைக் கொடுத்துவிட்டு, கைகழுவக் கூட நிற்காமல் போய்விட்டார்.

அவர் போன பிறகு அன்புராஜா உள்ளே போய் ஒரு குழாய் களிம்பு கொண்டுவந்தார். ஜெர்மனியில் பண்ணையில் வைத்திருந்தது. பூசினால் மரத்துப் போகும்.

"நாளைக்கு ஒருக்கால். அஞ்சாறு நிமிசம்," என்றார். "பிறகு ஆறு மாசம் அவனுக்கு ஓய்வு. இந்த இடம் போனால் உனக்குத் திரும்பி வராது. ஆனா முடிவு உன்ரை பிள்ளை."

கேளுங்கள் கண்ணுகளே, பெரியவர்கள் சேர்ந்து செய்ததற்கு முடிவு அந்தப் பிள்ளையின் கையில் கொடுக்கப்பட்டது. அவள் வாப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

"அஞ்சு நிமிசம்தானே மகள்," என்றார் யாக்கூப். குரல் சட்டைக்குள் போய்விட்டது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. அல்லாஹ் மன்னிப்பான்."

மறுநாள் நீரேரிப் பக்கத்து மணல் தரையில் கயிறு கட்டிக் களம் போட்டிருந்தார்கள். கொழும்பு அம்மா வெள்ளைத் தொப்பியோடு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். காங்கேசன்துறையிலிருந்து வந்த தேனுஜன் என்ற பையன் முதலில் ஏறிக் காட்டினான். அவன் வாடகைக் குதிரை இரண்டு தரம் கயிற்றைத் தாண்டி வெளியே போனது. சனம் சிரித்தது.

பிறகு றிஹானா. களிம்புக்கு மேலே துணி, துணிக்கு மேலே மெத்தை, மெத்தைக்கு மேலே கறுத்துப் பளபளக்கும் சேணம். வலி தெரியாத கருவாடு பழைய கருவாடு ஆகிவிட்டது. அவள் மூச்சைக் கேட்டது. வட்டம் வட்டமாகவே வந்தது. பக்கவாட்டில் போனபோது மணலில் கால் பட்ட சத்தம் ஒரு தாளம் போலக் கேட்டது. கடைசியில் களத்தின் நடுவில் வந்து நான்கு காலும் சமனாக நின்றது. எல்லோரும் கைதட்ட மறந்து போனார்கள். ஸபூரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

கொழும்பு அம்மா எழும்பி வந்தார். முகம் மலர்ந்திருந்தது. "ரொம்ப நல்லா இருக்குது," என்றார். "இறங்குங்க மகள். சேணத்தை நீங்களே கழட்டுங்க. நான் எப்பவும் கடைசியா முதுகைத்தான் பார்ப்பேன்."

அன்புராஜா ஓடிவந்தார். "நான் கழட்டுறன் மிஸ்—"

"இல்லை. யார் ஏறினாங்களோ அவங்க."

றிஹானா பட்டியை அவிழ்த்தாள். சேணத்தைத் தூக்கினாள். மெத்தையைத் தூக்கினாள். துணியில் அவள் கை நின்றது. பிறகு அதையும் எடுத்தாள்.

அந்த அம்மா குனிந்து புண்ணைப் பார்த்தார். களிம்பை விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் றிஹானா.

"பிழை என்ரை மிஸ்," யாக்கூப் கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார். "அளவெடுத்தது நான். மெத்தை தைச்சது நான். போ எண்டு சொன்னதும் நான்தான். பிள்ளையிலை பிழை ஒண்டும் இல்லை."

"ஏறினது நீங்களா?"

யாக்கூப் கயிற்றுப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினார்.

"இவ்வளவு நல்லா ஏறுற பிள்ளையை நான் இந்தப் பக்கம் பார்க்கலை," என்றார் அந்த அம்மா, றிஹானாவைப் பார்த்தே. "ஆனா அங்க என்கிட்ட பதினாலு குதிரை இருக்குது. ராத்திரியில உங்களை நம்பி விட்டுட்டு நான் தூங்கணும்." அவ்வளவுதான். தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, மருந்துப் பெட்டி கொண்டுவரச் சொல்லித் தானே குதிரையின் முதுகைக் கழுவினார். தேனுஜனுக்குத்தான் இடம் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் தகப்பனும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வல்லை வெளியில் காற்று அடித்தது. யாக்கூப் யன்னலைச் சாத்தினார், பிறகு திறந்தார்.

"உனக்கு எண்டு நினைச்சுத்தான் மகள் விட்டனான்," என்றார். "நீ வளருவாய் எண்டு."

"வாப்பா, நான் இப்ப இருக்கிறன்," என்றாள். "அவனும் இப்பதான் இருக்கிறான். இப்ப இருக்கிற எங்களை ஒருநாளும் நீங்கள் அளக்கேல்லை."

யாக்கூப் யன்னலை மறுபடி சாத்தினார். அவருடைய உம்மா அவருக்குச் செய்ததைத்தான் அவர் செய்தார். அவருக்கு அது உயிர் கொடுத்தது. பிள்ளைகளே, ஒருவரைக் காப்பாற்றியது இன்னொருவரின் முதுகை உரிக்கும் என்று அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

புண் ஆறியது. ஆறிய இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்தது. அன்புராஜா சவாரியைப் பற்றி மறுபடி கதைக்கவில்லை. றிஹானா மட்டும் சனிக்கிழமைகளில் வந்தாள். தொழுவம் கூட்டினாள், தண்ணீர் அள்ளினாள். கருவாடு வைத்தியரைத் தொட விட்டது. சீலாவின் கையிலிருந்து வெல்லம் தின்றது. மீன்காரர் வேலியால் எட்டி மூக்கைத் தட்டினாலும் நின்றது.

ஒருநாள் றிஹானா வாளியை வைத்துவிட்டு, முன்பு செய்வது போல அதன் கழுத்தைச் சொறிய வலது கையைத் தூக்கினாள். கருவாடு தலையை வெட்டி இழுத்துக்கொண்டு, பின்னுக்குப் போய், வேலியோடு ஒட்டி நின்றது. கண்ணின் வெள்ளை தெரிந்தது.

"போகப் போக மறந்திடும் பிள்ளை," என்றார் அன்புராஜா தூரத்திலிருந்து.

"மறக்காது அங்கிள். இது எந்தக் கை எண்டு அவனுக்குத் தெரியும்."

அவள் கையை மெல்ல இறக்கினாள். குதிரை அசையவில்லை. பிறகு வாளியை அங்கேயே விட்டுவிட்டு, படலையைத் திறந்து வெளியே வந்து, படலையைச் சாத்தினாள். அவள் பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்து, பனைகளுக்குப் பின்னால் மறைந்த பிறகுதான் அது வந்து தண்ணீர் குடித்தது.